பரணும் கண்ணாடியும்

(ஒரு கல்லூரியின் மொழித்துறை ஏற்பாடு செய்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் ‘ஸ்பெகுலேஷன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் அது ஒரு தொழிலின் பெயர். அரசியல் பக்கத்துக்குப் போனால், “இதெல்லாம் வெறும் ஸ்பெகுலேஷன்” என்று அமைச்சர் கையை உதறுகிறார். அங்கே அது ஆதாரமில்லாத பேச்சு. தத்துவ வகுப்பில் உட்கார்ந்தால் நிலைமை வேறு. ஹெகலுக்கு அது சிந்தனையின் உச்சப்படி. பணம் பண்ணுகிறவன், வதந்தி பரப்புகிறவன், தத்துவ ஞானி மூவரும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறினார்கள்? இன்றைக்கு இதைத்தான் உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஊகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பிறப்பையும் வளர்ப்பையும் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லின் வேரைத் தோண்டினால் அதன் ‘உண்மையான’ பொருள் கிடைத்துவிடும் என்று நினைக்கிறவன் அல்ல நான். ஒரு சொல்லை இன்று மக்கள் எந்தப் பொருளில் வழங்குகிறார்களோ அதுதான் அதன் பொருள். ஆனால் ஒரு காலத்து மனிதர்கள், கைக்கெட்டும் தூரத்தில் பத்துச் சொற்கள் கிடக்கும்போது, அதில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டால் அங்கே ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஆங்கிலத்தின் ஊகச் சொற்களைக் கொட்டிப் பிரித்தால் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களில் அடங்கும். பார்ப்பதிலிருந்து வந்தவை. எறிவதிலிருந்து வந்தவை. அடியில் வைப்பதிலிருந்து வந்தவை. கண்ணும் கையும் செய்த வேலைகளே பின்னால் மனத்தின் வேலைகளாயின.

பார்வைக் குடும்பத்தில் முதலில் நம்முடைய ஸ்பெகுலேஷன். லத்தீனில் ‘ஸ்பெகெரெ’ என்றால் பார்த்தல். அதிலிருந்து ‘ஸ்பெகுலா’ என்று ஒரு பெயர்ச்சொல். எதிரி வருகிறானா என்று பார்க்க ஏறி நிற்கும் உயரமான காவலிடம். நம் தினைப்புனத்துப் பரண்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரண்மேல் நின்று நோக்குவதற்கு ‘ஸ்பெகுலாரி’ என்று வினைச்சொல். ரோமானியப் படையில் ‘ஸ்பெகுலாதோரெஸ்’ என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். வேவு பார்க்கிறவர்கள், ஜூலியஸ் சீசரின் போர்க்குறிப்புகளில் வருகிறார்கள். ஆக, முதல் ஸ்பெகுலேட்டர் முதலாளி அல்ல, ஞானியும் அல்ல, காவல்காரன். தூரத்தில் புழுதி தெரிகிறது. அது படையா, மாட்டு மந்தையா என்று அவன் சொல்லியாக வேண்டும். ஊருக்காகச் சொல்கிறான். தப்பாகச் சொன்னால் அவன் தலையும் சேர்ந்துதான் போகும்.

இந்த வேரின் பரப்பு வியப்பானது. ஒற்றனைக் குறிக்கும் ‘ஸ்பை’ இதே வேர்தான். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. கிரேக்கத்தில் இதன் மெய்யெழுத்துகள் இடம் மாறி ‘ஸ்கெப்’, ‘ஸ்கோப்’ என்றாயின. ‘டெலஸ்கோப்’பில் இருப்பது அது. எதையும் உற்றுப் பார்த்த பிறகே ஏற்கும் ‘ஸ்கெப்டிக்’கில் இருப்பதும் அது. மேற்பார்வை செய்கிறவர் என்ற பொருளுடைய ‘எபிஸ்கோபோஸ்’ தேய்ந்துதான் ‘பிஷப்’ ஆயிற்று. வடமொழியில் ஒற்றனுக்கு ‘ஸ்பச’ என்று பெயர். பார்க்கிறான் என்பதற்கு ‘பச்யதி’. அங்கிருந்து வந்த ஒரு சொல் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது: “ஸ்பஷ்டமாகச் சொல்லப்பா” என்கிறோமே, அந்த ஸ்பஷ்டம். மங்கலாகத் தெரிவதை மதிப்பிடும் ஸ்பெகுலேஷனும், தெள்ளத் தெளிவாகத் தெரியும் ஸ்பஷ்டமும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

பார்வைக் குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. ‘தியரி’யின் மூலம் கிரேக்கத் ‘தியோரியா’. பிற ஊர்த் திருவிழாக்களையும் தெய்வவாக்குத் தலங்களையும் பார்த்துவர ஒரு நகரம் அனுப்பும் தூதனுக்குத் ‘தியோரோஸ்’ என்று பெயர். ‘தியேட்டர்’ இதற்கு உறவு. ‘கான்டெம்ப்ளேட்’ என்ற சொல்லுக்குள் ‘டெம்ப்ளும்’ இருக்கிறது. ரோமானியப் புரோகிதன் கைத்தடியால் வானத்தில் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று சகுனம் பார்ப்பான். அவன் வகுத்த இடம்தான் டெம்ப்ளும். ‘இன்னாரின் ஆஸ்பிஸில் நடைபெறுகிறது’ என்று ஆங்கில அழைப்பிதழ்களில் போடுகிறார்களே, அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் பறவை பார்த்தல். நம்மூர் அழைப்பிதழ்களிலும் ரோமானியப் பறவை ஒன்று ஒளிந்திருக்கிறது.

கண்ணின் வேலை மனத்தின் வேலையானது எப்போது? ஆறாம் நூற்றாண்டில் போயத்தியுஸ் என்ற ரோமானிய அறிஞர் இயற்கையியல், கணிதம், இறையியல் மூன்றையும் செய்முறை சாராத சிந்தனைத் துறைகளாகத் தொகுத்து, அவற்றுக்கு ‘ஸ்பெகுலாதிவா’ என்று பெயர் கொடுத்தார். அவருடைய வேறொரு நூலை 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிஞர் சாசர் ஆங்கிலப்படுத்தியபோது இந்தச் சொல்லையும் கொண்டுவந்தார். பக்கத்திலேயே ‘பார்த்தல்’ என்ற நாட்டுச் சொல்லையும் சேர்த்து எழுதினார், வாசகர்கள் திணறக் கூடாதே என்று. ஆனாலும் கண் உடனே விலகிவிடவில்லை. ‘மேக்பெத்’ நாடகத்தில் பான்கோவின் ஆவியைப் பார்த்து மேக்பெத் அலறும்போது, அந்தக் கண்களில் ஸ்பெகுலேஷன் இல்லை என்கிறான். ஊகம் இல்லை என்றல்ல. பார்வை இல்லை என்கிறான்.

இங்கே இன்னொரு சொல்லைக் கவனிக்க வேண்டும். லத்தீனில் ‘ஸ்பெகுலா’ பரண். ‘ஸ்பெகுலும்’ என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. இரண்டும் ஸ்பெகெரெயின் பிள்ளைகள். பவுலடிகளின் நிருபங்களில், இறைவனைக் கண்ணாடியில் காண்பதுபோலக் காண்கிறோம் என்ற கருத்து வருகிறது. அதற்கு உரை வகுத்த அகுஸ்தீனார், தம் ‘திரித்துவம்’ பற்றிய நூலில் ஒரு சொல்லாராய்ச்சி செய்கிறார்: இங்கே வரும் சொல் கண்ணாடியிலிருந்து பிறந்தது, காவலிடத்திலிருந்து அல்ல என்று பிரித்துக் காட்டுகிறார். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு சமயப் பெரியவர் செய்த நுணுக்கமான பிரிப்பு. இதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தைக்குப் போகும்போது தேவைப்படும்.

அடுத்தது எறிதல் குடும்பம். ‘கஞ்செக்சர்’ என்றால் லத்தீனில் சேர்த்து எறிதல். கிடைத்த தடயங்களை ஒன்றாகப் போட்டு என்ன தெரிகிறது என்று பார்ப்பது. ரோமில் ‘கொன்யெக்தோர்’ என்பவர் கனவுக்கும் சகுனத்துக்கும் பலன் சொல்பவர். ‘சர்மைஸ்’ என்ற சொல்லும் எறிதல்தான், ஆனால் இன்னொருவர் மேல் எறிதல். பழைய பிரெஞ்சிலும் தொடக்க கால ஆங்கிலத்திலும் அதற்குப் பொருள் குற்றச்சாட்டு. நீதிமன்றத்திலிருந்து கிளம்பிய அந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஊகம் என்று இளகிற்று. ஒருவரைப் பற்றி ஆதாரமில்லாமல் ஊகிப்பது அவர்மேல் குற்றம் சாட்டுவதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இன்றைய சமூக ஊடகம் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘சான்ஸ்’ விழுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தாயம் எப்படி விழுகிறதோ அப்படி. ‘ஜெபர்டி’ பழைய பிரெஞ்சில் சரிபாதியாய்ப் பிரிந்த ஆட்டம், யார் வெல்வார் என்று சொல்ல முடியாத நிலை. ‘ஹசார்ட்’ என்பதும் முதலில் ஒரு பகடையாட்டத்தின் பெயர்தான்.

எறிகிறவனுக்குக் குறி வேண்டும். கிரேக்கத்தில் ‘ஸ்டோகோஸ்’ என்றால் இலக்கு. இலக்கு நோக்கி எய்வதையும் ஊகிப்பதையும் அந்த மொழி ஒரே வினையால் சொன்னது. இன்று கணிதத்தில் ‘ஸ்டோகாஸ்டிக்’ என்று வழங்குவது அதன் வாரிசு. ஆங்கிலத்து ‘எய்ம்’ என்ற சொல்லும் முதலில் மதிப்பிடுதல் என்ற பொருளில்தான் இருந்தது. ‘எஸ்டிமேட்’டும் அதுவும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரிந்தவை. தமிழர்களுக்கு இது புதிதாக இராது. வேடன் குறி பார்க்கிறான். குறத்தி குறி சொல்கிறாள். கிரேக்கர்கள் ஒரு வினையில் அடக்கியதை நாம் ஒரு பெயரில் அடக்கிவிட்டோம். இரண்டு மொழிகளும் கடன் வாங்கிக்கொள்ளவில்லை. அம்பு விடுகிறவனும் வருவது சொல்கிறவனும் ஒரே தவிப்பில் இருப்பதை இரண்டு சமூகங்களும் தனித்தனியே கண்டிருக்கின்றன.

யாக்கோபு பெர்னூலி என்ற கணிதர் எழுதிய ‘ஆர்ஸ் கொன்யெக்தாந்தி’, அதாவது ஊகிக்கும் கலை, அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713-இல் பாசெல் நகரில் அச்சாயிற்று. நிகழ்தகவுக் கணக்கின் அடித்தள நூல்களில் ஒன்று அது. சகுனக்காரரின் கையிலிருந்த சொல் கணிதரின் கைக்கு வந்தது. இன்று கணிதத்தில் கஞ்செக்சர் என்றால் மெய்யென்று படுகிறது, ஆனால் நிறுவப்படவில்லை என்று பொருள். 1742-இல் கணிதர் கோல்ட்பாக் இன்னொரு கணிதரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஒன்று இருக்கிறது. 2-க்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்று இன்று அதைச் சொல்கிறோம். பிரம்மாண்டமான எண்கள் வரை கணினியில் சரிபார்த்தாகிவிட்டது. ஆனாலும் அது இன்னும் கஞ்செக்சர்தான். கோடானுகோடி சான்றுகள் ஒரு நிறுவலுக்கு ஈடாகா என்று அந்தத் துறை பிடிவாதமாக இருக்கிறது. கும்பகோணத்து ராமானுஜன் 1916-இல் டௌ சார்பு பற்றி வெளியிட்ட ஊகம் 58 ஆண்டுகள் காத்திருந்தது. 1974-இல் பியேர் டெலீன் நிறுவினார். அதுவரை யாரும் அதை ராமானுஜன் தேற்றம் என்று அழைக்கவில்லை. எவ்வளவு பெரிய மேதை சொன்னாலும் ஊகம் ஊகமாகவே நிற்கும். கஞ்செக்சர் என்ற சொல்லுக்கு அந்த நேர்மையைக் கணிதர்கள் கொடுத்தார்கள்.

மூன்றாவது, அடியில் வைத்தல். கிரேக்க ‘ஹைபாதஸிஸ்’ என்பதன் நேர்ப்பொருள் அடியில் வைத்தது, அஸ்திவாரம். அதே கருத்தை லத்தீனில் சொன்னால் ‘சப்போசிஷன்’. நாம் தினமும் சொல்லும் ‘சப்போஸ்’ அங்கே பிறந்தது. ஆனால் லத்தீனில் அடியில் வைப்பதற்கு ஒரு கள்ளப் பொருளும் உண்டு: உண்மையானதை எடுத்துவிட்டுப் போலியை வைத்தல், குறிப்பாகப் பிள்ளையை மாற்றி வைத்தல். கட்டடத்துக்கு அடியில் கல் வைக்கிறவனும் தொட்டிலில் குழந்தையை மாற்றுகிறவனும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்பட்டார்கள். ஐசக் நியூட்டன் இதை உணர்ந்தவர். பெர்னூலியின் நூல் வந்த அதே 1713-இல் தம் ‘பிரின்சிபியா’வின் இரண்டாம் பதிப்பில், ஈர்ப்புவிசையின் காரணத்துக்கு ஹைபாதஸிஸ்களைப் புனைந்து சொல்ல மாட்டேன் என்று அறிவித்தார்.

ஏழே ஆண்டுகள் கழித்து அதே நியூட்டன் சந்தையில் ஊகம் செய்தார். 1720-ஆம் ஆண்டு ஜனவரியில், தென்கடல் வாணிகத்துக்கென்று அமைந்த சவுத் சீ கம்பெனியின் பங்கு ஏறத்தாழ 128 பவுண்டு. கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் 200-க்கும் கீழே சரிந்தது. நியூட்டன் முதலில் லாபத்தோடு வெளியே வந்து, உச்சத்துக்கு அருகில் மறுபடி நுழைந்து பெருந்தொகையை இழந்தார். கோள்களின் பாதையைக் கணித்தவருக்கு மனிதர்களின் பேராசை கணக்கில் அடங்கவில்லை.

இப்போது லண்டன் சந்தைக்கு வந்துவிட்டோம். எக்ஸ்சேஞ்ச் சந்து, அங்கே ஜொனாதன் காப்பிக் கடை. பங்குத் தரகர்கள் கூடிய இடம். அந்தச் சந்தின் சொற்கள் இன்றும் உலகம் முழுவதும் வழங்குகின்றன. கரடியைப் பிடிக்கும் முன்பே அதன் தோலை விற்காதே என்று ஒரு பழமொழி இருந்தது. கையில் இல்லாத பங்கை விலை இறங்கும் என்று நம்பி விற்பவர்களுக்கு அதிலிருந்து கரடித்தோல் தரகர் என்று பெயர் வந்து, பிறகு ‘பேர்’ என்று சுருங்கிற்று. அதற்கு எதிர்ப்பக்கமாகக் காளை வந்து சேர்ந்தது. ‘பபிள்’ என்ற சொல் 1720-க்கு முன்பே ஏமாற்றுவதற்கும் ஏமாந்த சோணகிரிக்கும் லண்டன் கொச்சை வழக்கில் இருந்தது. சவுத் சீ சரிவுக்குப் பிறகு அது பொருளாதாரச் சொல்லாயிற்று.

ஆனால் நாம் தேடிவந்த ஸ்பெகுலேஷன் அந்தச் சந்தில் இன்னும் காணோம். அப்போது இந்தத் தொழிலுக்குப் பெயர் ‘ஸ்டாக் ஜாபிங்’. அது வசவுச் சொல். 1734-இல் நாடாளுமன்றம் அதைத் தடுக்கச் சட்டமே இயற்றியது. 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வருகிறது. ஸ்டாக் ஜாபர் என்பதற்கு ஜான்சன் எழுதிய விளக்கம், பங்கு வாங்கி விற்றுப் பணம் சேர்க்கும் இழிந்தவன் என்ற தொனியில் இருக்கும். சூதாடியைக் குறிக்கும் கேம்ப்ளர் என்ற சொல்லைத் திருட்டுக் கும்பலின் குழூஉக்குறி என்று ஒதுக்கி வைக்கிறார். ஸ்பெகுலேஷனுக்கு வந்தால் பார்த்தல், ஆழ்ந்து சிந்தித்தல், செயலுக்கு வராத மனத்திட்டம் என்று அடுக்குகிறார். வாங்கல் விற்றல் என்ற பேச்சே இல்லை.

1776-இல் ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வெளிவருகிறது. அங்கே ஸ்பெகுலேஷன் ஒரு வாணிகம் ஆகிவிட்டது. ‘என்று சொல்லப்படுகிற’ என்ற அடைமொழியோடுதான் ஸ்மித் அதைக் குறிப்பிடுகிறார்; சொல் புதுசு என்பது அதிலேயே தெரிகிறது. அந்த வணிகன் ஒரு தொழிலில் நிலையாக நிற்க மாட்டான். இந்த ஆண்டு தானியம், அடுத்த ஆண்டு ஒயின், அதற்கடுத்து சர்க்கரையோ புகையிலையோ தேயிலையோ என்று எங்கே லாபம் தெரிகிறதோ அங்கே தாவுவான் என்று வரைந்து காட்டுகிறார். 1814-இல் ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ஸ்பெகுலேஷன் என்ற பெயரில் சீட்டாட்டமே நடக்கிறது.

ஜான்சனின் அகராதிக்கும் ஸ்மித்தின் நூலுக்கும் இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளைக் கவனியுங்கள். சந்தைக்காரர்கள் எறிதல் குடும்பத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்திருக்கலாம். பகடை வாசனை அடிக்கும் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமில்லை. அவர்கள் போய்ப் பார்வைக் குடும்பத்தின் கதவைத் தட்டினார்கள். போயத்தியுஸும் இறையியலாளர்களும் ஆயிரம் ஆண்டுகளாகத் துலக்கி வைத்த சொல் அங்கே இருந்தது. ஸ்டாக் ஜாபர் இழிந்தவன், கேம்ப்ளர் திருடன், ஸ்பெகுலேட்டரோ சிந்தனையாளர். செய்யும் தொழில் மாறவில்லை. பெயருக்கு ஒரு படிப்பாளிக் களை வந்துவிட்டது. ஆனால் சந்தைக்கு வந்த சொல்லில் சந்தையின் அழுக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இன்று அமைச்சர் அந்தச் சொல்லைக் கொண்டே ஒரு செய்தியை உதறித் தள்ள முடிகிறது.

அப்படியானால் சந்தைக்காரர் வைத்துக்கொண்ட பெயர் முழுப் பொய்யா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. ஸ்மித்தே தானிய வியாபாரிகளுக்காக வாதாடியிருக்கிறார். விளைச்சல் குறையும் என்று முன்கூட்டி உணரும் வியாபாரி விலையை உயர்த்துகிறான், மக்கள் சிக்கனமாகிறார்கள், அறுவடை வரை தானியம் தாங்குகிறது. கப்பலில் உணவு தீர்ந்துபோகும் என்று கண்ட மாலுமித் தலைவன் அளவைக் குறைத்துப் பரிமாறுவதைப் போன்றது அது என்பது அவர் வாதம். அந்தத் தானிய வியாபாரி உண்மையிலேயே பரண்மேல் நிற்கிறான். வயலையும் வானத்தையும் பார்க்கிறான்.

160 ஆண்டுகள் கழித்து, 1936-இல் பொருளியல் அறிஞர் கீன்ஸ் இன்னொரு காட்சியைக் காட்டினார். ஒரு பத்திரிகை நூறு முகங்களின் படங்களைப் போட்டு, மிக அழகான ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எல்லோருடைய தேர்வுக்கும் மிக நெருங்கி வருகிறவருக்குப் பரிசு. அப்போது யாரும் தனக்கு அழகாகப் படும் முகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார். மற்றவர் எதை அழகென்பார் என்று ஊகிப்பார். மற்றவரும் அதையே செய்கிறார். ஆக, ஊகத்தைப் பற்றிய ஊகம், அதைப் பற்றி மேலும் ஓர் ஊகம். ஒரு சொத்து தன் வாழ்நாள் முழுதும் என்ன ஈட்டும் என்று கணிப்பது தொழில்முயற்சி. சந்தையின் மனநிலை எப்படி மாறும் என்று கணிப்பது ஸ்பெகுலேஷன் என்று கீன்ஸ் வகுத்தார்.

முடிந்து வைத்ததை இப்போது அவிழ்க்கலாம். அகுஸ்தீனார் பிரித்த பரணும் கண்ணாடியும் இங்கே வந்து நிற்கின்றன. விளைச்சலைப் பார்த்து விலை சொல்பவன் பரண்மேல் இருக்கிறான். மற்றவர் முகத்தைப் பார்த்து விலை சொல்பவன் கண்ணாடிக்கு முன் இருக்கிறான். கூட்டத்தின் ஆசையும் பயமுமே அங்கே அவனுக்குத் திரும்பத் தெரிகின்றன. 1720-இல் லண்டனில் உயர்ந்ததும் சரிந்ததும் கண்ணாடிக்குள் இருந்த விலை. தென்கடலில் ஒரு கப்பல் கூடுதலாக ஓடியதால் அல்ல. சந்தையில் மட்டுமா இது? தேர்தலில் யார் வெல்வார் என்று தொலைக்காட்சியில் நடக்கும் விவாதங்களில் எத்தனை பேர் வாக்காளரைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் மற்ற விவாதக்காரர்களைப் பார்க்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள்.

சட்டம் இந்தச் சிக்கலுக்குள் இறங்குவதே இல்லை. நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43(5) பிரிவு ஊக வணிகப் பரிவர்த்தனைக்கு வரையறை தந்தது. சரக்கோ பங்கோ உண்மையில் கைமாறாமல் கணக்கு மட்டும் தீர்க்கப்பட்டால், சில விலக்குகள் போக, அது ஊக வணிகம். வணிகர் என்ன பார்த்தார், என்ன நினைத்தார் என்ற கேள்வியே கிடையாது. வரி அதிகாரிக்கு அது போதும். நமக்குப் போதாது.

கடைசியாக, இவ்வளவு நேரம் நான் சொன்ன வேர்ச்சொல் கதைகளைப் பற்றியே ஒரு சொல். சொற்பிறப்பியலும் ஊகக் கலைதான். ஸ்பெகெரெக்கும் ஸ்பஷ்டத்துக்கும் பொதுவான ‘ஸ்பெக்’ என்ற அந்த மூல வேரை யாரும் கல்வெட்டில் படித்ததில்லை. பல மொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கி ஊகித்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆகுஸ்ட் ஷ்லைகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இத்தகைய வடிவங்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடும் வழக்கத்தை நிலைநிறுத்தினார். இது எழுத்தில் கிடைத்ததல்ல, மீட்டமைத்தது என்று அதற்கு அர்த்தம். நம் மொழிக் குடும்பத்துக்கு 1961-இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இனச்சொற்களைப் பக்கம் பக்கமாக வரிசைப்படுத்தினார்கள். அவற்றின் மூலத் திராவிட வடிவம் இதுதான் என்று தலைப்பில் போடவில்லை. வாசகருக்கு முன் சான்றுகளை வைத்தார்கள். ஊகத்தை அவரிடமே விட்டார்கள்.

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஊகிக்காமல் வாழ முடியாது. நாளைய மழையிலிருந்து தேர்வுக் கேள்வி வரை எல்லாம் ஊகம்தான். ஊகிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் ஊகத்தைச் சொல்லும்போது நட்சத்திரக் குறியோடு சொல்லுங்கள். கேட்கும்போது, சொல்கிறவர் எதைப் பார்த்துச் சொல்கிறார், தப்பானால் யார் தலை போகும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பரண்மேல் நிற்கிறவரிடம் இரண்டுக்கும் பதில் இருக்கும்.